கேட்கிற முகம்

ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு திறமை. சபாஷ் அக்காவின் திறமை, கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது. சும்மா சொல்லக் கூடாது, அந்த வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. இன்னும் பெரிய பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளுக்காகத் தினமும் காலையில் டிவியில் வருகிற நிகழ்ச்சி அவளுடையது. மஞ்சள் கோட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான்கள், இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டிய சடை. "காக்கா என்ன நிறம்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, புருவத்தைத் தூக்கி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் இருக்கிற பிள்ளைகள் கத்திப் பதில் சொல்வதற்கென்று விடுகிற இடைவெளி அது. அப்புறம் முகமெல்லாம் பூரித்து, "சபாஷ்! சரியாச் சொன்னீங்க! அக்காவும் அதைத்தான் நினைச்சேன்!" என்பாள்.

அந்த இடைவெளியில் அவள் காதில் விழுவதெல்லாம் ஏசியின் இரைச்சலும் கேமராக்காரர் விடுகிற கொட்டாவியும்தான். மனசோ, துணியை மெஷினில் போட்டோமே, எடுத்துக் காயப்போட்டோமா இல்லையா என்று வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெற்ற தாய்கூட இப்படிக் கேட்கமாட்டாள் என்று ஊரே மெச்சிக்கொண்டது.

இந்த மஞ்சள் கோட்டு கிடைப்பதற்கு முன்னால் அவள் விளம்பரங்களில் பாத்திரம் தேய்க்கிற கைகளாக நடித்துக்கொண்டிருந்தாள். கைகள் மட்டும்தான். முகம் வேறொருத்தியுடையது. அவளுக்கு மேக்கப், இவளுக்கு நுரை. அப்படி ஊறிக் கிடந்தவளை முகத்தோடு டிவிக்குக் கொண்டுவந்து நிறுத்தியது இந்த நிகழ்ச்சிதான். இது போனால் திரும்பவும் கைதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் டிவி நிலையத்து டெலிபோன் விடாமல் அடிக்க ஆரம்பித்தபோது அவள் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் கூப்பிட்டது ஒரு அப்பா. "என்னங்க நிகழ்ச்சி நடத்துறீங்க? காய்கறி சாப்பிடுவீங்களான்னு கேட்டா, எம்பையன் மாட்டேன்னு கத்துறான். அந்தம்மா சபாஷ், அதனாலதான் நீங்க பலசாலிங்குது. இப்போ தட்டை வெச்சா, சபாஷ் அக்காவே சொல்லிட்டாங்கன்னு தள்ளிவிடறான்!"

அடுத்து ஒரு அம்மா. தம்பிப் பாப்பாவை என்ன செய்யலாம் என்று அக்கா கேட்டிருக்கிறாள். முத்தம் கொடுக்கலாம், தாலாட்டலாம் என்று பதில் வரும் என்பது அக்காவின் எண்ணம். அந்த வீட்டு மூத்த வாரிசு, "குப்பையில போடலாம்!" என்றிருக்கிறது. அக்கா கையைத் தட்டி, "சபாஷ்! உடனே போய்ச் செய்யுங்க பார்க்கலாம்!" என்று சொல்லிவிட்டாள். நல்லவேளை, தொட்டிலை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தபோதே அம்மா பார்த்துவிட்டாள்.

மாமியார் ஒருத்தி கூப்பிட்டாள். யானை எப்படி இருக்கும் என்ற கேள்விக்குப் பேத்தி சொன்ன பதிலையும், அதற்கு அக்கா கொடுத்த பாராட்டையும், அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவின் முகம் போன போக்கையும் அவள் சொல்லச் சொல்ல, டெலிபோன் எடுத்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது.

நிலையத்து மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். கனத்த மனிதர், கனத்த குரல்.

"இனிமே தாங்காதும்மா. வெளியில ஒரு கார்ட்டூன் மலிவா வருது. ஒரு கரடி, ஒரு நரி. அதுங்க யாரையும் எதையும் கேக்காது. தானே ஓடும், தானே விழும், தானே எந்திரிக்கும். எந்த வம்பும் இல்லை."

"சார், நம்ம பிள்ளைங்க அப்படியெல்லாம் சொல்லுவாங்களா? தங்கமான பிள்ளைங்க சார். யாரோ பொறாமையில கிளப்பிவிடறாங்க."

"தங்கமா தகரமான்னு நேர்லயே போய்ப் பார்த்துடுவோம்," என்றார் மேனேஜர். "பக்கத்துத் தெருவுல ஒரு மழலைப் பள்ளி இருக்கில்ல?"

இருந்தது. அக்காவின் மகள் சுண்டு படிக்கிறதும் அதே பள்ளியில்தான். ஸ்டுடியோவுக்குப் பக்கம், வசதியாக இருக்கும் என்று சேர்த்தது அக்கா. ஆனால் கொண்டுவந்து விடுவதும் கூட்டிக்கொண்டு போவதும் அப்பா. அதனால் மறுநாள் காலையில் சாதாரண உடுப்பும் மூக்குக்கண்ணாடியுமாக அவள் போய் நின்றபோது, டீச்சர், "நீங்க... யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். அக்காவுக்கு அசடு வழிந்தது.

பிள்ளைகள் பார்வையில் படாமல் அவளையும் மேனேஜரையும் டீச்சர் சமையலறையில் உட்காரவைத்தாள். பால் டம்ளர்களை நீட்டுவதற்காகச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் கதவை ஒருக்களித்தால் கூடம் முழுக்கத் தெரியும். உட்காரத்தான் பொடி நாற்காலிகள். மேனேஜர் ஒன்றில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். நாற்காலியின் கைகள் இரண்டும் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

முன்பே எடுத்து வைத்திருந்த அன்றைய நிகழ்ச்சியின் பாட்டு டிவியில் ஆரம்பித்தது. பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிவிக்குப் பக்கத்தில், பெயிண்ட் பிரஷ் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பொடிசு நின்றது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சந்தேகமே இல்லை, சுண்டுதான்.

"எல்லாரும் கவனிங்க," என்றது சுண்டு. "கேள்வி கேட்டவுடனே கத்தக் கூடாது. தலையைச் சாய்ச்சு, காதுல கை வெப்பாங்க. அப்போதான். நான் பிரஷ்ஷை ஆட்டுவேன்."

டிவிக்குள் மஞ்சள் கோட்டு அக்கா துள்ளி வந்தாள். "சாப்பிடறதுக்கு முன்னாடி நாம என்ன செய்யணும்?"

தலை சாய்ந்தது. கை காதுக்குப் போனது. பிரஷ் ஆடியது.

"மண்ணைத் திங்கணும்!" என்று கூடமே அதிர்ந்தது.

"சபாஷ்! வீட்டுல அம்மா அப்பாவுக்கும் மறக்காமச் சொல்லிக் குடுங்க!"

பாயில் இருந்தவை எல்லாம் உருண்டு புரண்டு சிரித்தன. ஒன்று சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டது. அடுத்த கேள்வி, பொம்மையை யாருக்குக் கொடுக்கலாம். "யாருக்கும் குடுக்க மாட்டோம்!" சபாஷ். அழுக்குச் சட்டையை எங்கே போடலாம்? "டீச்சர் தலையில!" அதற்கும் சபாஷ். டீச்சர் இதற்கெல்லாம் பழகிப்போனவள்போல டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மட்டும் பயந்து போய், "அக்கா திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டான்.

"திட்டவே மாட்டாங்க," என்றது சுண்டு. "அது எங்கம்மாதான். எங்கம்மாவுக்கு எதுவுமே கேக்காது. வீட்டுலயும் அப்படித்தான். இப்படித் தலையைச் சாய்ப்பாங்க, ம் ம்னு ஆட்டுவாங்க, சபாஷ்னுவாங்க. நான் முதல்ல வீட்டுலதான் செஞ்சு பார்த்தேன்."

மேனேஜர் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. அதுவும் எப்படி, தன் வயிற்றில் பிறந்ததே துடுப்புப் போட்டு! அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி எடுத்துப் பாரு," என்றார் மேனேஜர். "நாளைக்கு ஒளிபரப்புறதை இங்கேயே வந்து பார்ப்போம். இந்தக் கூட்டம் அடங்கினா நீ. அடங்கலன்னா கரடி." எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் சேர்ந்து எழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்கா மகளைப் பிடித்துச் சோபாவில் நிறுத்தினாள். "ஏண்டி, எனக்குக் கேக்காதா? எப்போடி நான் நீ சொன்னதைக் கேக்காம இருந்தேன்?"

சுண்டு கொஞ்சமும் அசரவில்லை. "ஷூவை மெஷின்ல போடட்டுமான்னு கேட்டேன். சபாஷ்னே. திரையை வெட்டி பொம்மைக்குப் பாவாடை தைக்கட்டுமான்னு கேட்டேன். சபாஷ் கண்ணுன்னே. பக்கத்து வீட்டுப் பூனைக்கு முடி வெட்டட்டுமான்னு..."

"பூனையா? எந்தப் பூனை? அடிப்பாவி, அது நீதானா? வியாதி வந்து முடி கொட்டுதுன்னு அந்தம்மா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுறாங்களே!"

மூலையில் உட்கார்ந்திருந்த புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"என்ன சிரிப்பு உங்களுக்கு?"

"இல்ல, உங்க அண்ணன் கல்யாணத்துக்கு நான் வரலைன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீ அப்போ கேள்வி மனப்பாடம் பண்ணிட்டிருந்தே. சபாஷ்னு சொன்னே. நானும் நிம்மதியா வீட்டுல தூங்கிட்டேன்."

"அதுக்கு நான் எவ்வளவு நாள் உங்ககூடப் பேசாம இருந்தேன்!"

"அதான் எனக்கும் புரியல. அனுமதி குடுத்தவளே ஏன் கோவிச்சுக்கறான்னு."

அக்கா விருட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். போய் எந்த வேலையும் செய்யவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது. பிள்ளை பொய் சொல்லியிருந்தால் நாலு போடு போடலாம். இது பொய் சொல்லவில்லையே. ஒன்றல்ல, இரண்டல்ல, எத்தனை சொல்லியிருக்கும், எத்தனை கேட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையை ஆட்டித் தொலைத்திருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு முகம், சொந்தப் பிள்ளைக்கும் அதே முகம்.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் சத்தமே இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். எங்கோ எதற்கோ மூடி திறக்கப்படுகிறது. அக்கா இருந்த இடத்தை விட்டு நகராமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், குரலை மட்டும் உயர்த்தினாள். "அதை இருந்த இடத்துல வெச்சுடு!"

டொப்பென்று ஏதோ கீழே விழுந்தது. "நான் ஒண்ணும் பண்ணலையே!" என்றது சுண்டுவின் குரல், நடுங்கிக்கொண்டு.

அக்கா அப்படியே நின்றாள். பார்க்காமலேயே பிடித்துவிட்டாளே! எல்லா அம்மாக்களுக்கும் கைவந்த கலைதான். எதைச் செய்வார்கள் என்று தெரிந்தால் போதும், பார்க்க வேண்டியதில்லை. அப்படியானால், எதைச் சொல்வார்கள் என்று தெரிந்தால்? கேட்கவா வேண்டும்? அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மஞ்சள் கோட்டுச் சிரிப்பு இல்லை அது. மகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட திருட்டுச் சிரிப்பு.

மறுநாள் அதிகாலையிலேயே ஸ்டுடியோவைத் திறக்கவைத்து எடுத்தார்கள். சுண்டு இருந்தால் என்ன சொல்லும் என்று யோசித்து யோசித்து அக்கா கேள்வி கேட்டாள். தலையைச் சாய்த்தாள், காதில் கை வைத்தாள். இடைவெளி. பிறகு "சபாஷ்" வரவில்லை. கையை மெல்ல இறக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். கேமராவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். "என்னது? திரும்பச் சொல்லு? யாரு அது, பின்னாடி உக்காந்துட்டு?"

"நான் இல்லக்கா!" என்று கேமராக்காரர் பதறிப்போய்ப் பின்வாங்கினார். அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

அன்று காலை அதே சமையலறை, அதே ஜன்னல். மேனேஜர் இந்தத் தடவை உட்காரவில்லை. சுண்டு பிரஷ்ஷோடு தயாராக நின்றது. பாட்டு முடிந்தது.

"பல் தேய்க்காம இருந்தா என்ன ஆகும்?"

பிரஷ் ஆடியது. "ஜாலியா இருக்கும்!" என்று கத்தினார்கள்.

டிவிக்குள் அக்காவின் கை காதிலிருந்து இறங்கியது. கண் சுருங்கியது. "ஜாலியாவா? யாரு அது ஜாலின்னு சொன்னது?"

கூடம் கப்சிப். சிரித்து மறுபடி விக்கல் எடுக்க ஆரம்பித்த பிள்ளைக்கு விக்கல் நின்றுபோனது. புதுப் பையன் நாலு காலில் ஊர்ந்து மேஜைக்கு அடியில் போய்விட்டான்.

"ம்ம். யாருன்னு தெரியும். வாயை மூடிக்கிட்டா தெரியாதா? கையை எடு!" என்றாள் டிவி அக்கா. நாலைந்து பேர் வாயிலிருந்து கையை எடுத்தார்கள். "சரி, போனாப் போகுது. இப்போ சொல்லுங்க, தினமும் பல் தேய்ப்பீங்களா?"

"தேய்ப்போம்!" என்று வந்த சத்தத்தில் டீச்சரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"அது! இப்போ சொன்னீங்களே, இதுக்குத்தான் சபாஷ்."

பயம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "கேக்குது! அக்காவுக்குக் கேக்குது!" என்று குதித்தார்கள். அடுத்த கேள்விக்கு ஒருத்தி வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தாள். "அக்காவை ஏமாத்தப் பாக்கறியா?" என்றது டிவி. அவள் பெருமை தாங்காமல் தன் மார்பைத் தட்டிக்கொண்டாள். மேனேஜர் சமையலறையில் நின்றபடி தொடையில் அறைந்து சிரித்தார். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் சுண்டு சிரிக்கவில்லை. எல்லாரும் அதைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். "நீ பொய் சொன்னே! கேக்காதுன்னு சொன்னே! கேக்குது பாரு!"

"கேக்காது," என்றது சுண்டு. "எனக்குத் தெரியும். கேக்காது."

"கேக்குது! பொய்க்காரி!"

சுண்டுவின் உதடு துடித்தது. அக்கா ஜன்னலை நெருங்கினாள். நிகழ்ச்சியைக் காப்பாற்றிய கையோடு, பெற்ற பிள்ளையை ஊர் நடுவில் பொய்க்காரியாக்கிவிட்டாள். அந்தக் கூடத்தில் உண்மையைச் சொன்னது அந்த ஒரு ஜீவன்தான்.

டிவியில் கடைசிக் கட்டம் வந்தது. நேரம் போதாததால் அதை மட்டும் புதிதாக எடுக்கவில்லை, பழைய ஒளிப்பதிவிலிருந்தே வெட்டி ஒட்டியிருந்தார்கள். "சொல்லுங்க பார்க்கலாம், அடுத்து நாம என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு மஞ்சள் கோட்டு அக்கா தலையைச் சாய்த்து, காதில் கை வைத்தாள். பின்னால் ஒரு சின்ன மெட்டு ஓடும், நிகழ்ச்சியிலேயே நீளமான இடைவெளி அதுதான்.

சுண்டு பிரஷ்ஷைக் கீழே போட்டது. நேரே டிவிக்கு எதிரே போய் நின்றது. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனது. கத்தவில்லை. மெல்லத்தான் கேட்டது.

"அம்மா, நிஜமாவே உனக்குக் கேக்குதா?"

"கேக்குது கண்ணு."

அக்கா யோசித்துச் சொல்லவில்லை. பால் ஜன்னல் வழியாக வார்த்தை தானாகப் போய்விட்டது. மேனேஜர் அவள் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே குனியவைத்தார். கூடத்தில் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு டிவியையே பார்த்தார்கள்.

சுண்டு மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த வாய் அசையவில்லை என்பதை அவ்வளவு கிட்டத்தில் நின்ற அதற்கா தெரியாது? தலையைத் திருப்பி, ஒருக்களித்திருந்த ஜன்னலைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, ஒன்றுமே தெரியாத பிள்ளைபோலத் திரும்பவும் டிவியிடம் பேசியது. இப்போது ஜன்னல்வரை கேட்கிற மாதிரி உரக்க.

"அப்போ சாயங்காலம் நீயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. அப்பா வேண்டாம். வழியெல்லாம் நான் பேசுவேன். நீ ம் ம்னு சொல்லக் கூடாது. நிஜமாப் பதில் சொல்லணும்."

மெட்டு முடிந்தது. மஞ்சள் கோட்டு அக்கா கையைத் தட்டித் துள்ளினாள். "சபாஷ்! அப்படியே செஞ்சுடலாம்!"

கூடம் கைதட்டலில் இடிந்து விழாத குறை.

வெளியே தெருவுக்கு வந்ததும் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்து வந்த தண்ணீர்தான். "கரடியும் நரியும் போகட்டும்மா. வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா சூட்டோட சூடா அடுத்ததையும் எடுத்துடணும். இன்னிக்குச் சாயங்காலம் ஸ்டுடியோ காலியா இருக்கு, வந்துடு."

"சாயங்காலம் முடியாது சார்."

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "இப்போதான் தப்பிச்சிருக்கே. அதுக்குள்ளயா? அப்படி என்ன தலைபோற வேலை?"

சோப்பு நுரையும் பாத்திரமும் அவள் கண் முன்னால் வந்து போயின. பயமாகத்தான் இருந்தது.

"நான் என்ன சார் பண்றது?" என்றாள். "டிவியிலயே ஒத்துக்கிட்டேனே. அத்தனை பிள்ளைங்களும் பார்த்தாங்க."